மெர்சி கைக்கு மட்டும் திறக்கும் தட்டு

சேம்பிள் ரூம் லேப்டாப்பின் டிஸ்க் தட்டு மெர்சியின் கைக்கு மட்டும்தான் திறக்கும். ஆம்பூர் பைபாஸ் ஓரத்து அந்த ஷூ ஃபேக்டரியில் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த விஷயம் இது. மற்றவர்கள் பொத்தானை அமுக்கினால் உள்ளே ‘கிர்’ரென்று ஒரு முனகல் கேட்கும், அதோடு சரி. மெர்சி வந்து, தோலில் துளை போடுகிற ஊசியை முகப்பில் இருக்கும் பொட்டுத் துளைக்குள் விட்டு, இடது மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி, ஒரு மூச்சு பொறுத்து ஊசியை எடுத்தால் தட்டு சமர்த்தாக வெளியே வந்து நிற்கும்.

அந்த லேப்டாப்பில்தான் ஷூவின் பேட்டர்ன் வரைகிற சாஃப்ட்வேர் இருந்தது. காலையில் திறந்ததும் ‘என் டிஸ்க் எங்கே’ என்று கேட்கும், போடாவிட்டால் அசையாது. அதை விற்ற கம்பெனியே மூடிப்போய் வருஷக்கணக்காகிறது. உலகத்தில் இருப்பது அந்த ஒரே டிஸ்க். அதனால் மேனேஜர் சுஹேல் அகமது சாயங்காலமானால் அதை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டுவார், காலையில் கொண்டுவந்து கொடுப்பார். ஆக, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை “மெர்சி! ஏம்மா மெர்சி!” என்று அவர் குரல் கொடுக்கவேண்டும், அவள் ஊசியோடு எழுந்து வரவேண்டும்.

டிஸ்க் இல்லாவிட்டால் பேட்டர்ன் இல்லை. பேட்டர்ன் இல்லாவிட்டால் சேம்பிள் இல்லை, சேம்பிள் போகாவிட்டால் ஆர்டர் இல்லை. அப்படிப் பார்த்தால் அந்த ஃபேக்டரியே தன் கட்டைவிரலில்தான் நிற்கிறது என்று மெர்சி நினைத்திருந்தாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை, பூர்ணிமா வந்து சேரும்வரைக்கும்.

பூர்ணிமா எட்டு மாசத்துக்கு முன்னால் நாட்றம்பள்ளியிலிருந்து வந்தவள். கம்ப்யூட்டர் படிப்பு ஒன்று, ஷூ டிசைன் டிப்ளமோ ஒன்று, மேலே ஒரு சிரித்த முகம். வந்த ரெண்டாவது மாசம் அவள் கொண்டுவந்த எலுமிச்சம் சாதத்தைச் சுஹேல் சார் ஒரு வாய் வாங்கித் தின்றார். பதினோரு வருஷத்தில் மெர்சியின் டிபன் பாக்ஸ் பக்கம் அவர் கண் திரும்பியதுண்டா? டீக்காரம்மா முன்பெல்லாம் மெர்சியின் மேஜையிலிருந்துதான் தொடங்குவாள். இப்போது கதவிலிருந்து தொடங்குகிறாள். கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று தனியாகச் சொல்லவேண்டுமா? ஷூ ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் ஒருத்தர் வந்தபோது, அவர் கேட்டதற்கெல்லாம் பூர்ணிமா கைவீசிக் கைவீசி இங்கிலீஷில் பதில் சொன்னாள். போகும்போது அந்த மனுஷன் அவளுக்கு ஒரு சாக்லேட் டப்பா கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாள், மெர்சிக்கு ரெண்டாக. மெர்சி ரெண்டையும் குப்பைக்கூடையில் போட்டாள்.

பொய் எதற்கு, மெர்சிக்கு வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போட்டால்கூட கண்ணுக்குள் அந்தச் சாக்லேட் டப்பாதான் வந்து நின்றது. பூர்ணிமா கெட்டவளாக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லியாவது ஆறியிருக்கலாம். அவள் நல்லவள், பாவி. அதுதான் தாங்கமுடியவில்லை.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. பூர்ணிமாவுக்குப் பேஸ்டிங் வராது. ஷூ ஒட்டுகிற பசையை அங்கே சொல்யூஷன் என்பார்கள். அந்த பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தால் தோலில் பாதி, சட்டைக் கையில் பாதி, முடியில் கொஞ்சம் என்று பூசிக்கொண்டு நிற்பாள். ரூமே சிரிக்கும். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள், அதிலும் அவளுக்கே நல்ல பேர் கிடைக்கும். மெர்சியோ முதல் ஐந்து வருஷம் பேஸ்டிங் மேஜையிலேயே கிடந்தவள். அவள் போடுகிற பசைக்கோடு ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும்.

சேம்பிள் ரூம் இன்சார்ஜ் வேறு கம்பெனிக்குப் போய் ஒரு மாசமாகிவிட்டது. ஜன்னல் ஓரம், தனி ஃபேனுக்குக் கீழே அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. சனிக்கிழமை பேர் சொல்வதாகச் சுஹேல் சார் சொல்லியிருந்தார். ரூமில் இருந்த ஒன்பது பேரில் ஏழு பேருக்கு அதில் ஆசை இல்லை. மிச்சம் ரெண்டு பேர் யாரென்று உங்களுக்கே தெரியும். மெர்சி தினமும் அந்த நாற்காலியைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போவாள். அவளுக்குத் தாகம் ஜாஸ்தியாகியிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம், மெர்சி ஊசியை எடுத்துக்கொண்டு வரும்போது பூர்ணிமா வாயைத் திறந்தாள்.

“சார், இதுக்கு ஏன் டெய்லி இவ்ளோ பேஜாரு? டிரைவையே மாத்திட்டா போச்சு. அடியில ஒரே ஒரு ஸ்க்ரூதான் சார்.”

“ஒரே ஸ்க்ரூவா?” சுஹேல் சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஆறு வருஷமா எவனும் சொல்லலியே! மெர்சி, உனுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சர்வீஸுக்கு வந்த ஆள், “தட்டு தள்ற மோட்டார் போயிடுச்சி மேடம், டிரைவ் மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மெர்சி தலையாட்டினாள், அதோடு விஷயத்தைப் புதைத்துவிட்டாள்.

பூர்ணிமா லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருந்த நம்பரைப் போனில் படமெடுத்து, பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நவீத்துக்கு அனுப்பினாள். அஞ்சு நிமிஷத்தில் பதில் வந்தது. டிரைவ் இருக்கிறது, நாளைக்கு ஜும்மா தொழுகை முடிந்ததும் வந்து மாட்டித் தருகிறேன் என்று. சுஹேல் சார், “ஷாபாஷ்!” என்றார். அந்த ஒரு சொல் மெர்சியோடு வீட்டுக்கு வந்து, சோறு தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து, படுக்கும்போது கூடப் படுத்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகச் சாப்பாட்டு நேரம் நீளம். சுஹேல் சார் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார், மற்றவர்கள் கேன்டீனுக்குப் போனார்கள். மெர்சி தலைவலி என்று சொல்லிவிட்டு ரூமிலேயே தங்கினாள்.

அவள் திட்டத்தில் திருட்டுத்தனம் இருந்ததே தவிர கெடுதல் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். டிரைவை நாசம் பண்ண அவள் நினைக்கவில்லை, சரிபண்ணத்தான் நினைத்தாள். தட்டின் முகப்புப் பட்டை கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. மோட்டார் என்று சர்வீஸ் ஆள் சொன்னது சும்மா, பட்டை ஆடுவதால்தான் தட்டு சிக்குகிறது, கெட்டியாக ஒட்டிவிட்டால் பொத்தானுக்கே திறந்துகொள்ளும் என்பது அவள் கணக்கு. நவீத் வருவான், அமுக்கிப் பார்ப்பான், ‘இது நல்லாத்தானே இருக்குது, எதுக்கு மாத்தணும்?’ என்பான். பூர்ணிமா முகத்தில் ஈ ஆடாது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் மெர்சி சோற்றைக்கூட வேண்டாமென்று உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஃபேக்டரியில் எது உடைந்தாலும் மருந்து சொல்யூஷன்தான். செருப்பு வாரானாலும் சரி, டிபன் பை கைப்பிடியானாலும் சரி, மெர்சியின் பைபிள் அட்டையானாலும் சரி, பிரஷ்தான் முதலில் கைக்கு வரும். அவள் ஊசி போட்டுத் தட்டைத் திறந்தாள். டிஸ்க் உள்ளே இருந்தது, இருக்கட்டும் என்று விட்டாள். ஆடிய பட்டையைக் கழற்றி, பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினாள். பசை மெல்லிசாக ஒரு கை, காயவிட்டு இன்னொரு கை. ஓரம் விடக்கூடாது என்பது பேஸ்டிங்கில் முதல் பாடம். ஓரத்தில் பசை இல்லாவிட்டால் ஷூ வாய் பிளந்துவிடும், மொத்த ஜோடியும் ரிஜெக்ட். அதனால் பட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும், ஒரு நூல் இடம் மிச்சமில்லாமல் இழுத்தாள். ஒட்டி, அழுத்தி, தட்டை உள்ளே தள்ளி, சுத்தியின் கைப்பிடியால் மேலே ரெண்டு தட்டும் தட்டினாள்.

தட்டு அகலம் கம்மி, பட்டை அகலம் ஜாஸ்தி என்பதை அவள் யோசிக்கவில்லை. தட்டை மூடினால் பட்டையின் ரெண்டு முனையும் டிரைவின் கூட்டின் மேல் போய் உட்காரும். அந்த ரெண்டு முனையிலும் மெர்சி போட்ட அருமையான பசை இருந்தது. ஷூக்காரிக்கு ஓரம் விட மனசு வருமா?

உடனே திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் ஒட்டிய கையோடு இழுத்துப் பார்க்கக்கூடாது என்பது பேஸ்டிங்கில் ரெண்டாவது பாடம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போய் நிம்மதியாக டீ குடித்தாள்.

திரும்பி வரும்போது எல்லாரும் வந்திருந்தார்கள். சுஹேல் சார் தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி, “நவீத் வந்துக்கினு இருக்கான். டிஸ்க்க வெளிய எடுத்து வெக்கச் சொன்னான்” என்றார். பூர்ணிமா பொத்தானை அமுக்கினாள். முனகல்கூட வரவில்லை.

“மெர்சிக்கா, நீங்க வாங்க.”

மெர்சி ஊசியோடு வந்தாள். துளையில் விட்டு, மூலையை அழுத்தி, மூச்சுப் பொறுத்து எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி செய்தாள். மூன்றாவது தடவை ஊசி வளைந்தது. அப்போதுதான் அவளுக்குப் பட்டையின் ரெண்டு முனையும் ஞாபகத்துக்கு வந்தது. ஏசப்பா, என்று மனசுக்குள் ஒரு சத்தம். உலகத்தின் ஒரே டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பையருக்குப் பன்னிரண்டு ஜோடி சேம்பிள் போகவேண்டும்.

“சாப்பாட்டுக்கு முன்னாடி இதுல யார் ஒக்காந்துக்கினு இருந்தது?” சுஹேல் சாரின் குரல் ஏறியது.

“நான்தான் சார்” என்றாள் பூர்ணிமா.

“நேத்து கவுத்துப் போட்டு இன்னாமோ நோண்டினியே, இன்னா பண்ணித் தொலச்ச? மெர்சி கைக்கே தொறக்கலியே! டிஸ்க் ஒடஞ்சா இன்னா ஆவும் தெரியுமா? ஸ்க்ரூ ஒண்ணுதான், ஸ்க்ரூ ஒண்ணுதான்னு... படிச்ச திமிரு!”

அவர் இப்படி யாரையும் திட்டி அந்த ரூம் கேட்டதில்லை. பூர்ணிமாவின் சிரித்த முகம் சுருங்கிப்போனது. மெர்சி சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. அவள் சொல்லவில்லை. பயம் பாதிதான். மீதிப் பாதி என்னவென்று கேட்டால், கேட்கக் கேட்க இனித்தது. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்றிருந்தது. எட்டு மாசத்து எரிச்சலுக்கு யாரோ தண்ணீர் ஊற்றினாற்போல இருந்தது.

பூர்ணிமா தலையைக் குனிந்தவள், மெர்சியின் மேஜையைப் பார்த்தாள். பிரஷ் ஈரமாகக் கிடந்தது, பக்கத்தில் ஒரு துண்டு உப்புத்தாள். அதில் கறுப்புப் பிளாஸ்டிக் தூள். பிறகு பசை காய்ந்திருந்த மெர்சியின் கட்டைவிரலைப் பார்த்தாள், அப்புறம் முகத்தை. 

நவீத் கடைப்பையோடு உள்ளே வந்தான். குனிந்தவன் மூக்கைச் சுளித்தான்.

“இன்னா பாய் இது, டிரைவ்ல சொல்யூஷன் வாசன அடிக்குது?”

காலை முதல் சாயங்காலம் வரை அந்த வாசனையிலேயே கிடப்பவர்களுக்கு அது மூக்கில் ஏறுவதே இல்லை. வெளியாளுக்குத்தான் தெரிந்தது. நவீத் லேப்டாப்பைக் கவிழ்த்தான், ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினான், டிரைவை முழுசாக வெளியே உருவினான். பூர்ணிமா சொன்னது சரிதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “புது டிரைவுக்கு முகப்பு வராது பாய், பழசுல இருக்கறதத்தான் எடுத்து மாட்டணும்” என்று சொல்லிக்கொண்டே பிளேடு விட்டுப் பட்டையை மெல்ல உரித்தான். “அம்மாடி, யார் ஒட்டினாங்களோ, விடவே மாட்டேங்குது.”

சுஹேல் சார் பட்டையை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“யார் ஒட்டினது இத?”

 மெர்சி கையில் இருந்த வளைந்த ஊசியைப் பார்த்தாள். இப்போது சொன்னால் நாற்காலி போச்சு. நாற்காலி மட்டுமா, பதினோரு வருஷமும் போச்சு.

“நான்தான் சார்” என்றாள் பூர்ணிமா.

எல்லாரும் திரும்பினார்கள். மெர்சியும் திரும்பினாள்.

“ஆடிக்கினு இருந்துச்சி சார். ஒட்டினா சரியாய்டும்னு நெனச்சேன். சாரி சார்.”

சுஹேல் சார் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் அவர் முகத்திலிருந்து இறங்கி, வேறொன்று ஏறியது. தோல் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது, வேலையைக் கண்டால் மற்றதை மறந்துவிடும்.

“நீயா? அரே! முன்னாடி ரஃப் பண்ணி, ரெண்டு கோட்டு குடுத்து, ஓரத்துக்கு ஓரம்... ஒரு சொட்டு வெளிய வழியல பாரு! பேஸ்டிங் எப்ப கத்துக்கின? ஒங்கிட்ட இருந்த கொற அது ஒண்ணுதான். சரி, டிஸ்க் மட்டும் நல்லபடியா வரட்டும். நாளைக்கு நான் யோசிக்கவே வேணாம்.”

அவர் வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா என்பது மெர்சிக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், காது அடைத்தது, உச்சந்தலை சுட்டது. எலுமிச்சம் சாதம் போகட்டும், சாக்லேட் டப்பா போகட்டும், டீ போகட்டும். இதையும் இவளா?

“அவ ஒட்டினாளா?” மெர்சி கத்தினாள். “அவுளுக்கு பிரஷ்ஷு புடிக்கத் தெரியுமா சார்? நாலு இஞ்ச் கோடு நேரா இழுக்கச் சொல்லுங்க பாக்கலாம்! இந்த ரூம்ல இப்படி ஒரு கை யாருக்கு இருக்குது? கண்ணு இல்லியா ஒங்களுக்கு? அது என் கை சார்! நான் ஒட்டினது!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

நவீத் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. டிரைவின் மேல்தகட்டைக் கழற்றி, டிஸ்க்கை இரண்டு விரலால் தூக்கினான். உடையவில்லை. ஆனால் சுத்தி தட்டிய வேகத்தில் தெறித்த பசை, நூலாக ஓரத்தில் ஒட்டியிருந்தது. “கொஞ்சம் தின்னர் போட்டுத் தொடச்சா...” என்று அவன் பாட்டிலை எடுக்கவும், மெர்சி பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

“தின்னர் போடாத! மொத்தமும் பூடும்!”

மேலே வழிந்த பசையை எடுக்க ஷூக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் கட்டியை எடுத்தாள். டிஸ்க்கை மடியில் சாய்த்து, பசை நூலின் மேல் அதை மெதுவாக உருட்டினாள்.  பசை சுருண்டு சுருண்டு, குட்டி உருண்டையாகி ரப்பரோடு வந்துவிட்டது. டிஸ்க்கில் தடம்கூட இல்லை.

நவீத் புது டிரைவை மாட்டினான். பூர்ணிமாதான் பொத்தானை அமுக்கினாள். தட்டு ‘சர்’ரென்று வெளியே வந்தது. யார் அமுக்கினாலும் வரும் இனிமேல். டீக்காரம்மா அமுக்கினாலும் வரும். டிஸ்க்கைப் போட்டதும் திரையில் ஷூ வந்து நின்றது. ரூம் முழுக்கப் பெருமூச்சு.

சுஹேல் சார் மெர்சியைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார்.

“நாளைக்கு சொல்லலாம்னு இருந்தேன், இப்பவே சொல்லிட்றேன். இன்சார்ஜ் பூர்ணிமாதான். உன் கைய யாரும் கொற சொல்ல முடியாது மெர்சி, இப்பகூட டிஸ்க்க காப்பாத்தினது நீதான். ஒட்டினதுகூட தப்பு இல்ல, நம்ப ஊர்ல எவன் ஒட்டாம இருக்கான்? ஆனா அந்தப் பொண்ணு திட்டு வாங்கறப்ப நீ பாத்துக்கினு நின்ன.”

“சரி சார்” என்றாள் மெர்சி.

சாயங்கால மணி அடித்ததும், சுஹேல் சார் பீரோவில் வைக்க டிஸ்க்கை அவரே அமுக்கி எடுத்துக்கொண்டார். யாரையும் கூப்பிடவில்லை. மெர்சி குழாயடிக்குப் போய்க் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குழாயில் பூர்ணிமா வந்து நின்றாள். 

“நீ ஏண்டி ஒம்மேல போட்டுக்கின?” என்றாள் மெர்சி. எட்டு மாசத்தில் அவளை ‘டி’ போட்டுக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. “பெரிய மனசக் காட்டினியா எனுக்கு?”

“பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா.” பூர்ணிமா குழாயை மூடினாள். “டிரைவ் கெட்டுப்போச்சுன்னுதான் மாத்தச் சொன்னேன்னு நெனக்கிறீங்களா? உள்ள குறுகுறுன்னு இருந்துச்சு, அதான் நான் ஒட்டினேன்னு சொல்லிட்டேன்.”

“பின்ன?”

“காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி, சார் ‘மெர்சி, மெர்சி’ன்னு கூப்டுவாரு. நீங்க ஊசிய எடுத்துக்கினு எழுந்து வருவீங்க. எல்லாரும் வேலைய வுட்டுட்டு ஒங்களயே பாப்பாங்க. எனுக்குப் பத்திக்கினு வரும்க்கா. ரெண்டு படிப்பு படிச்சு இன்னா, ஒருத்தரும் என்ன அப்படிப் பாக்கலியேன்னு. அந்தத் தட்டு இல்லன்னா நீங்களும் எங்கள மாதிரிதான ஆவீங்கன்னு நெனச்சேன். அதான் மாத்தச் சொன்னேன்.”

மெர்சி ஈரக்கையோடு நின்றாள். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது.

“எப்பத்துலேருந்து?” என்றாள்.

“இன்னாது?”

“அந்தப் பத்திக்கினு வர்றது.”

“வந்த ரெண்டாவது வாரத்துலேருந்து.”

எலுமிச்சம் சாதம் ரெண்டாவது மாசம். அப்படியென்றால் இவளுக்குத்தான் முதலில் எரிந்திருக்கிறது. நாற்காலி போன துக்கம் நெஞ்சில் அப்படியேதான் இருந்தது, கல்லுமாதிரி. அதற்கு நடுவில் மெர்சிக்கு வயிற்றில் ஏதோ குளிர்ந்தது. பதினோரு வருஷத்தில் அவளைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். அதுவும் இந்தச் சிரித்த முகக்காரி.

“ஊசிய எடுத்துக்கினு எப்படி வருவேன் நானு?” என்றாள்.

“எதுக்குக்கா இப்ப...”

“நடந்து காட்டு.”

பூர்ணிமா தயங்கினாள். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஊசியைப் பிடிப்பதுபோல் ரெண்டு விரலில் பிடித்தாள். முகவாயைத் தூக்கிக்கொண்டாள். துப்பட்டாவை ஒரு தரம் சரிசெய்துகொண்டு, வலதும் பார்க்காமல் இடதும் பார்க்காமல், ஃபேக்டரியே தனக்காகக் காத்திருக்கிறது என்பதுபோல மெல்ல, மெல்ல, குழாயடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள்.

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மெர்சி அசையவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“இன்னொரு வாட்டி நடடி” என்றாள்.